கடைக்கு ஓடும் பிள்ளை

மாதம் பத்தாம் திகதி தோட்டத்தில் சம்பளம். அன்றைக்கு ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை டவுன்களில் நடக்க இடம் இருக்காது. அரிசியும் மாவும் வாங்கி, கடைக் கொப்பியில் நிற்கும் பழைய பாக்கியைத் தீர்த்து, அடகில் கிடக்கும் தோட்டுக்கு வட்டி கட்டி, பொழுது சாயும்போது சனம் லயத்துக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் கேட்கும். “தம்பி, மேல்லயத்து மாமாகிட்ட ஓடிப்போய், அப்பா கேட்டாருன்னு ஒரு கால் போத்தல் வாங்கிட்டு வா. மிச்சக் காசுக்கு டொபி வாங்கிக்க.” பிள்ளைக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். ஓடிப்போய் வாங்கிவரும். டொபியைச் சப்பிக்கொண்டே போத்தலை நீட்டும்.

இளவயதுக் குடியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மலையகத்தில் பெரும்பாலும் கூடாத சிநேகிதம், சினிமா, கைபேசி, வெளியிலிருந்து வரும் ஆட்கள் என்றுதான் பேசுகிறோம். நான் அந்த டொபியிலிருந்து தொடங்குகிறேன். தோட்டத்துப் பிள்ளை மதுவை முதலில் நாக்கில் அறிவதில்லை. எடுத்துவந்தும், ஊற்றிக்கொடுத்தும், கிளாஸ் கழுவியும், தள்ளாடி வரும் அப்பாவுக்கு டோர்ச் பிடித்தும் அறிகிறது. முதல் மிடறு அதற்கு நாலைந்து வருஷம் கழித்து வரும். அந்த நாலைந்து வருஷம் பெற்றோர் கையில் இருக்கிறது. அதற்குள் என்ன செய்யலாம், செய்வதில் எது பலிக்கும், எது பலிக்காது என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

சட்டம் எதுவரை வருகிறது

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை உருவாக்கியது. அந்தச் சட்டத்தின்படி 21 வயது நிறையாதவருக்கு மதுசாரம் விற்பது குற்றம். மது விளம்பரமும் தடை. உலகின் பெரும்பாலான நாடுகள் 18 வயதோடு நின்றுவிட்டன. இலங்கை அதைவிடக் கண்டிப்பானது. போயா நாளில் கடைகள் மூடியிருக்கும். தொலைக்காட்சியில் குடிக்கும் காட்சி வந்தால் கிளாஸை மங்கலாக்கிவிடுவார்கள்.

இவ்வளவும் டவுன்வரை செல்லுபடியாகும். உரிமம் உள்ள கடைக்காரர் சீருடை போட்ட பையனுக்குப் போத்தலைக் கொடுக்கத் தயங்குவார். மேல்லயத்து மாமாவுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. டவுனில் வாங்கிவந்து லயத்தில் கால் காலாகப் பிரித்து விற்கிறார். போயாவுக்கு முதல்நாள் கூடுதலாக வாங்கி வைக்கிறார். இன்னும் சில தோட்டங்களில் ஆற்றோரத்திலோ காட்டோரத்திலோ கோடா ஊறுகிறது. சீனியும் ஈஸ்ட்டும் அழுகல் பழமும் புளித்து, தகரத்தில் காய்ச்சி இறங்குவது கசிப்பு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மதுவரி திரும்பத் திரும்ப ஏறியது. 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று உயர்ந்த நாட்சம்பளத்துக்குச் சாராயம் எட்டாமல் போக, பலர் கசிப்பின் பக்கம் சாய்ந்தார்கள். சாராயத்தில் மதுசாரம் நூற்றுக்கு 33 முதல் 37 வரை என்று போத்தலிலாவது எழுதியிருக்கும். கசிப்பின் வீரியம் காய்ச்சியவருக்கே தெரியாது.

உரிமம் உள்ள கடைகளும் குறையவில்லை. 2024இல் நாடெங்கும் 300க்கும் மேற்பட்ட புதிய மதுபான உரிமங்கள் வழங்கப்பட்ட விவரம் அந்த வருஷ டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளியானது. ஒரு கையால் வயதெல்லையை எழுதும் அரசு மறு கையால் வருமானத்தை எண்ணுகிறது. இந்த இரட்டைத்தனம் இன்று தொடங்கியதும் அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் சாராயக் குத்தகை அரசாங்கத்தின் பெரிய வருமான வழிகளில் ஒன்று. 1912இல் மதுவரிச் சட்டமும் புதிய தவறணைகளும் வந்தபோது தென்னிலங்கையில் மதுவிலக்கு இயக்கம் கொதித்தெழுந்தது. அதில் பயின்றவர்கள் பிறகு நாட்டுத் தலைவர்களானார்கள். கங்காணியின் கடனுக்குள் கிடந்த நம் முன்னோருக்கு அந்த மேடையில் இடம் இருக்கவில்லை. 1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்து தோட்டத் தொழிலாளரிடம் பேசியபோது, குடியை விடுங்கள் என்ற சொல் அவர்களை நோக்கியே, அவர்கள்மேல் அக்கறையோடு சொல்லப்பட்டது.

கசிப்பு வீட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதை நடத்துவது பல இடங்களில் புருஷன் இல்லாத, தோட்டத்தில் வேலைக்குப் பேர் கிடைக்காத ஒரு பெண். அவளும் பிள்ளை வளர்க்கிறாள். அவளைப் பொலிஸில் காட்டிக்கொடுத்தால் நாளைக்குப் பீலிக்கரையில் அவள் முகத்தில் விழிக்க வேண்டும். தண்டம் கட்டிவிட்டு அடுத்த வாரம் அவள் திரும்பவும் அடுப்பு மூட்டுவாள். ஆகவே பொலிஸை மட்டும் நம்பிப் பிள்ளையைக் காப்பாற்ற முடியாது. ஆனால் ஒன்றை அவளிடமே போய்க் கேட்கலாம்: “அக்கா, நீங்க விக்கிறத நான் நிப்பாட்ட வரல. எங்க லயத்துப் பிள்ளைக யார் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க.” ஐந்து தாய்மார் சேர்ந்து போய்ச் சொன்னால் அவள் மறுப்பது கடினம். இது முழுத் தீர்வாகாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் பிள்ளையின் கைக்கும் போத்தலுக்கும் நடுவே உடனே வைக்கக்கூடிய முதல் தடுப்பு இதுதான்.

ஒரு பழிச்சொல்

தோட்டத்தான் என்றாலே குடிகாரன் என்று சொல்லும் வாய்கள் கொழும்பிலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு, நமது டவுன் கடைவீதியிலும் உண்டு. இந்தச் சொல் எனக்குக் கோபமூட்டுகிறது. காரணம் கௌரவம் மட்டுமல்ல. அது பிள்ளைக்கே கெடுதல் செய்கிறது. உன் சாதிசனமே இப்படித்தான் என்று வாத்தியாரிடமிருந்தும் கடைக்காரரிடமிருந்தும் கேட்டு வளரும் பையன், குடிப்பதைத் தன் தலையெழுத்தாக எடுத்துக்கொள்கிறான். தோட்டத்துப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் குடிப்பதில்லை. குடிக்காத ஆண்கள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். சத்தம் போடாததால் அவர்களை யாரும் எண்ணுவதில்லை. ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவுக்கு வந்து குடிக்கும் வசதியானவர்களை யாரும் அவர்களது இனத்தைச் சொல்லித் திட்டுவதில்லை.

வறுமை உண்மை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டின் வறுமை வீதம் 14.3, பெருந்தோட்டத் துறையில் 33.8. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி. அந்த இடத்தில் அப்பா குடித்தால் பிள்ளை பார்க்காமல் இருக்க வேறு மூலை கிடையாது. பக்கத்துக் காம்பராவில் குடித்தாலும் அதேதான். நடுச்சுவரைத் தாண்டி எல்லாம் கேட்கும். பிள்ளை வளர்ப்பு பற்றிய புத்தகங்கள் ஒரு குடும்பம் தனி வீட்டில், தனிக் கதவோடு வாழ்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. லயத்தில் உங்கள் பிள்ளையை நீங்கள் மட்டும் வளர்க்கவில்லை. பன்னிரண்டு காம்பராவும் சேர்ந்து வளர்க்கிறது. இது கஷ்டமும்தான், நமக்கு இருக்கும் பெரிய பலமும்தான். இதைப் பற்றிப் பிறகு சொல்வேன்.

முதல் மிடறு எங்கே கிடைக்கிறது

குளிருக்கு என்று ஒன்று. நுவரெலியா கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாதக் காலையில் புல்லில் உறைபனி விழும். சளிப் பிடித்த பிள்ளைக்குப் பிராந்தி ஒரு கரண்டி, மழையில் நனைந்து வந்த பையனுக்கு ஒரு மூடி என்று கொடுப்பதில் தப்பே இல்லை என நினைக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அன்பினால்தான் கொடுக்கிறார்கள். ஆனால் மது உடம்பைச் சூடாக்குவதில்லை. தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரியவைக்கிறது. உள்ளிருக்கும் சூடு தோலுக்கு வந்து வெளியே போகிறது. சூடேறுவது போல் தோன்றும்போது உடம்பு உண்மையில் குளிர்ந்துகொண்டிருக்கும். சின்ன உடம்புக்கு இது இன்னும் ஆபத்து. இரத்தத்தில் சர்க்கரையும் இறங்கிவிடும். கொத்தமல்லியும் இஞ்சியும் போட்ட கசாயம் போதும். நம் அப்பாயிமார் அதைத்தானே முதலில் வைப்பார்கள்.

அடுத்தது சாமி. முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் கவ்வாத்துச் சாமிக்கும் படையலில் சாராயமும் சுருட்டும் வைப்பது பழைய வழக்கம். அந்த வழக்கத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. மலையை வெட்டித் தேயிலை நட்டவர்களோடு சேர்ந்து வந்த தெய்வங்கள் அவை. படையல் முடிந்து பங்கு பிரிக்கும்போது நிற்கும் பையன்களைத்தான் நான் பார்க்கிறேன். “சாமிக்கு வச்சது, ஒண்ணும் செய்யாது” என்று ஒரு மாமா மூடியில் ஊற்றி நீட்டுவார். தெய்வத்தின் பேரைச் சொல்லிக் கொடுப்பதால் அம்மா தடுக்கமாட்டாள்.

கேத வீட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அங்கே நடப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருகிறது. தோட்டத்தில் சாவு விழுந்தால் லயத்து இளந்தாரிகள்தான் குழி வெட்டப் போவார்கள். கூலிக்கு ஆள் பிடிக்கும் வழக்கம் இல்லை. போவது உரிமை, கடமை. தப்படிப்பவர்களுக்கும் குழி வெட்டுபவர்களுக்கும் போத்தல் கொடுப்பது எழுதாத விதி. பதினைந்து வயதில் மண்வெட்டி பிடிக்கும் வலு வந்துவிடும். முதல் தடவை குழி வெட்டப் போகும் பையனை ஆம்பிளையாக ஏற்றுக்கொள்ளும் சடங்கு அங்கே, ஈரமண்ணுக்குப் பக்கத்தில், போத்தல் மூடியில் நடக்கிறது. துக்கம், பயம், களைப்பு, பெரியவர்களின் பாராட்டு எல்லாம் ஒன்றாகக் கலந்த அந்த மிடறை அவன் மறப்பதில்லை. குழி வெட்டப் போகாதே என்று பிள்ளையிடம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தேத்தண்ணியும் பணிசும் குழிக்கரைக்குப் போகட்டும் என்று சாவு வீட்டுக்காரர் தீர்மானிக்கலாம். அவர்கள் அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் அதை யோசிக்க முடியாது. மரண உதவிச் சங்கமோ கோயில் கமிட்டியோ முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது தீபாவளி. பையன்கள் சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு, சிலர் அதற்கு முன்பே, கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். புறக்கோட்டைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நிற்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும், புதுச் சட்டை, புதுக் கைபேசி, கையில் காசோடு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறார்கள். பத்தொன்பது வயது அண்ணன் பியர் ரின்னைத் திறந்து பதினான்கு வயதுத் தம்பியிடம் நீட்டும்போது, அதில் கொழும்பே இருக்கிறது. பியர் மதுவே இல்லை என்ற எண்ணமும் கூட வருகிறது. இங்கே விற்கும் ஸ்ட்ராங் பியரில் மதுசாரம் நூற்றுக்கு எட்டைத் தாண்டும். ஒரு பெரிய போத்தல், சிறுவன் ஒருவனைத் தள்ளாட வைக்கப் போதும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பிள்ளைக்கு முதல் மிடறைக் கொடுப்பது முகம் தெரியாத வியாபாரி அல்ல. மாமா, சித்தப்பா, அண்ணன், சில வேளை அப்பாவே. எல்லாரும் அந்தப் பிள்ளையின் மேல் பாசம் உள்ளவர்கள். ஆகையால் அவர்களிடம் பேச முடியும்.

ஆய்வுகள் சொல்வது

வீட்டில் நம் கண்முன்னே கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் வெளியே போய்க் கெடமாட்டான் என்ற வாதத்தைப் படித்தவர்களும் சொல்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் 1,927 பிள்ளைகளையும் அவர்களது பெற்றோரையும் ஆறு வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு 2018இல் வெளியானது. பெற்றோர் கையால் மது கொடுத்ததால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. வீட்டில் மட்டும் வாங்கிக் குடித்த பிள்ளைகள், அடுத்த வருஷம் வெளியாரிடமும் வாங்கிக் குடிக்கும் வாய்ப்பு, வீட்டில் கிடைக்காத பிள்ளைகளைவிட ஏறக்குறைய இருமடங்கு. வீட்டு மூடி வெளிப் போத்தலுக்கு வாசலாகிறது.

எவ்வளவு பிந்தித் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது என்பதும் நெடுநாளாகத் தெரிந்தது. 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள். 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது சுமார் 10 பேர். கஷ்டமான வீடுகளில் பிறந்தவர்கள் சீக்கிரம் தொடங்குவதும் இந்த வித்தியாசத்துக்குள் ஒளிந்திருக்கிறது. முந்தித் தொடங்குவது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மூளையின் முன்பகுதி, அவசரத்தை அடக்கி யோசிக்கும் பகுதி, இருபதுகளின் நடுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. 21 என்ற வயதெல்லைக்கு உடம்பிலேயே நியாயம் இருக்கிறது.

கண்காணிப்பைப் பற்றி ஒரு ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. சுவீடனில் ஸ்டாட்டின், கெர் என்ற இருவர் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களது பெற்றோரையும் விசாரித்து 2000இல் எழுதினார்கள். பிள்ளை எங்கே போகிறான், யாரோடு இருக்கிறான் என்று நன்றாக அறிந்த பெற்றோரின் பிள்ளைகள் குறைவாகவே தவறுகிறார்கள் என்பது முன்பே தெரிந்த விஷயம். பெற்றோர் அதை எப்படி அறிந்தார்கள் என்று இவர்கள் கேட்டார்கள். விசாரித்தும் கட்டுப்படுத்தியும் அறிந்தது கொஞ்சம். பெரும்பாலும் பிள்ளை தானாக வந்து சொன்னதால் அறிந்திருந்தார்கள். லயத்தில் ஒற்றர்களுக்குப் பஞ்சமில்லை. பையன் எங்கே நின்றான் என்பது அவன் வீடு வருமுன் வந்துவிடும். அப்படி வரும் செய்தி அடியில் முடிகிறது. அடி வாங்கிய பிள்ளை அடுத்த தடவை சொல்லாது. சொல்லாத பிள்ளையைப் பற்றித் தாய் அறிவதெல்லாம் பக்கத்து வீட்டு வாய் வழியாகத்தான்.

பெற்றோரைக் கூட்டிவைத்துப் பேசினால் மட்டும் போதுமா என்றால், பதில் கலவையாக இருக்கிறது. சுவீடனின் எரெப்ரூவில், பிள்ளைகளுக்கு மதுவே கூடாது என்ற உறுதியைப் பெற்றோர் விடாமல் பிடிக்கும்படி செய்த திட்டம் நல்ல பலன் தந்ததாக 2008இல் எழுதினார்கள். அதையே இன்னும் பல பாடசாலைகளில் செய்து பார்த்தபோது, 2011இல், அந்தப் பலன் காணப்படவில்லை. நெதர்லாந்தில் 2009இல் வெளியான ஆய்வில், பெற்றோருக்கு மட்டும் நடத்தியது பலிக்கவில்லை, மாணவருக்கு மட்டும் நடத்தியதும் பலிக்கவில்லை. இருவருக்கும் சேர்த்து நடத்தியது பலித்தது. நமது பாடசாலைகளில் வருஷத்துக்கு ஒரு நாள் மாணவரை மண்டபத்தில் உட்காரவைத்து ஈரல் படம் காட்டி அனுப்பிவிடுகிறோம். அன்று பின்னேரம் அதே பிள்ளையை அப்பா போத்தலுக்கு அனுப்புகிறார். பெற்றோர் கூட்டத்தில் பரீட்சைப் புள்ளியோடு இதையும் ஒரு பேச்சாக எடுத்தால் செலவு ஒன்றும் ஆகாது.

ஐஸ்லாந்தின் கதை பரவலாகப் பேசப்படுவது. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் முந்தின மாதத்தில் வெறித்திருந்தார்கள். 2016இல் அது 5. குடிவயது 20, இரவில் வெளியே திரியத் தடை, விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு கொட்டிய பணம் என்று பல காரணங்கள். அந்தப் பணம் நம்மிடம் இல்லை. காசில்லாமல் அவர்கள் செய்த ஒன்றும் அதில் இருக்கிறது: ஒரே பாடசாலைப் பெற்றோர் கூடி, எங்கள் பிள்ளைகளுக்கு மது வாங்கிக் கொடுக்கமாட்டோம், பெரியவர் இல்லாத வீட்டில் கூட விடமாட்டோம், மற்றவர் பிள்ளையைக் கண்டாலும் நம் பிள்ளைபோல் பார்ப்போம் என்று கையெழுத்திட்டார்கள். தனித்தனி வீடுகளில், ஒருவரையொருவர் அறியாமல் வாழ்ந்த மக்கள் இதைக் கஷ்டப்பட்டு உருவாக்கினார்கள். பன்னிரண்டு காம்பராக்காரர்களுக்கு அந்த அறிமுகம் பிறப்போடு வந்தது.

குடிக்கும் அப்பா

இதுவரை வாசித்த ஒரு தகப்பன் சொல்லக்கூடும்: “நானே குடிக்கிறேன், நான் எந்த மொகத்தோட சொல்றது?” நியாயமான கேள்வி. குடிக்கிற அப்பாவுக்கும் செய்ய நிறைய இருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன். வீட்டில் விதி தெளிவாக இருந்தால் பிள்ளை தொடங்குவது தள்ளிப்போகிறது என்பதை நெதர்லாந்து ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. விதி சொல்லக் குற்றமற்றவராக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையைப் போத்தலுக்கு அனுப்பாமல் தானே நடந்து போகலாம். பிள்ளையைக் கொண்டு ஊற்றவோ கிளாஸ் எடுக்கவோ செய்யாமல் இருக்கலாம். பிள்ளை தூங்கிய பிறகு குடிக்கலாம். போதை தெளிந்த ஒரு காலையில், “இத விட முடியாம நான் படுறது உனக்குத் தெரியும். நீ தொடாத” என்று ஒரு தடவை உண்மையாகச் சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பத்துப் பிரசங்கத்தின் கனம் உண்டு.

கொழும்புப் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பேராசிரியராயிருந்த தியனாத் சமரசிங்க நெடுங்காலமாக ஒன்றை வலியுறுத்திவந்தார். குடித்தவருக்குச் சமூகம் சில சலுகைகளைக் கொடுக்கிறது. குடி கவர்ச்சியாகத் தெரிவதற்கு அந்தச் சலுகைகளும் காரணம். சலுகையை எடுத்துவிட்டால் கவர்ச்சி குறையும். தமிழில் இதற்கு நம்மிடம் பழமொழியே இருக்கிறது: குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு. பிள்ளையின் காதால் இந்தப் பழமொழியைக் கேட்டுப் பாருங்கள். குடித்துவிட்டுக் கங்காணியை ஏசலாம், அம்மாவை அடிக்கலாம், கடனைத் திருப்பிக் கேட்டவனைத் துரத்தலாம், விடிந்தால் எல்லாம் கழிந்துவிடும். பகலில் வாய் திறக்க முடியாத ஓர் ஆளுக்கு இரவில் கிடைக்கும் அதிகாரம் அது. பையன் ஆசைப்படுவது சாராயத்தின் ருசிக்காக இல்லை, அந்த அதிகாரத்துக்காக. “போட்டுட்டு வந்திருக்காரு, விடு” என்று அம்மா சொல்வது சண்டையைத் தவிர்க்க. அவளுக்கு அந்த நேரத்தில் வேறு வழி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் பிள்ளை கேட்கும்படி, நேற்று நீங்கள் சொன்னது இது, செய்தது இது என்று யாராவது நிதானமாகச் சொல்ல வேண்டும். தாத்தா சொல்லலாம், பெரியப்பா சொல்லலாம். விடிந்தாலும் போகாது என்பதைப் பிள்ளை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

நெடுங்காலம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகும். சபரிமலைக்கு மாலை போட்டு ஒரே நாளில் விட்டவர்கள் நடுங்கிப் படுத்ததைப் பார்த்து, குடியை விட்டால்தான் வருத்தம் வரும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் மருந்தோடு விடுவது பாதுகாப்பானது. மனநல உதவிக்கு 1926 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சுமத்தாமல்

பெற்றோர் கடமை என்றால் நம் ஊரில் தாயின் கடமை என்றுதான் அர்த்தமாகிறது. அவள் விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைக்குச் சாப்பாடு கட்டி, பெரட்டுக்குப் போய், பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்து மலையிலிருந்து இறங்க ஐந்து மணியாகும். பாடசாலை ஒன்றரைக்கு முடிகிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அந்த மூன்றரை மணி நேரத்துக்கு ஒன்றும் இல்லை. அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தால் பொழுதெல்லாமே அப்படித்தான். அவள் அனுப்பும் காசு எந்தக் கையில் போகிறது என்பதும் பிள்ளையின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. அந்த மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு கிரவுண்டும் ஒரு பந்தும் படித்த அக்கா ஒருத்தியின் ரியூஷனும் செய்யும் வேலையை எந்த உபதேசமும் செய்யாது. தோட்ட நிர்வாகத்திடமும் சங்கத்திடமும் கேட்டுப் பெற வேண்டியவை இவை.

அம்மாவால் செய்ய முடிவது சிறியது, ஆனால் மிகவும் பெறுமதியானது: பிள்ளை சொன்னால் கேட்பது. ராத்திரி ரொட்டி சுடும்போது பக்கத்தில் உட்காரும் அந்தக் கால் மணி நேரம் போதும். “இன்னைக்கு யாரோட வந்த?” என்று கேட்டு, வரும் பதிலுக்கு உடனே ஏசாமல் இருக்க முடிந்தால், பிள்ளை அடுத்த நாளும் உட்காரும். பெண்பிள்ளையிடமும் கேட்க வேண்டும். அவள் குடிக்கமாட்டாள் என்று அவளை விட்டுவிடுகிறோம். போதையிலுள்ள ஆண்களிடம் போத்தல் கொண்டுபோகச் சொல்லப்படும்போது அவளுக்கு நேரக்கூடிய கேடு வேறு. எந்தக் காரணத்துக்காகவும் பெண்பிள்ளையை அந்த வாசலுக்கு அனுப்பக்கூடாது.

ஏற்கெனவே குடித்துவிட்டு வந்த பிள்ளை என்றால் அன்றிரவு அடிப்பதில் பயனில்லை. போதையிலுள்ள பிள்ளைக்கு அடி நினைவிருக்கும், காரணம் நினைவிருக்காது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எழுப்ப முடியாவிட்டால், உடம்பு சில்லிட்டால், மூச்சு மெதுவானால், கசிப்புக் குடித்துக் கண் மங்குகிறது என்றால், பேர் கெட்டுவிடும் என்று பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். கேள்வியெல்லாம் மறுநாள்: யார் கொடுத்தது, எங்கே, எந்த நேரம், ஏன் மறுக்க முடியவில்லை. இந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. மறுக்க வாய் வராத பிள்ளைக்கு ஒரு சாட்டுக் கொடுத்து வைக்கலாம்: “அம்மாட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்.” நம் பையன்களுக்கிடையே இந்தச் சொல்லுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. பிள்ளைக்கு யாராவது வேண்டுமென்றே மது புகட்டினால், போத்தல் சுமக்க வற்புறுத்தினால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 எண் இருக்கிறது.

பன்னிரண்டு காம்பரா

ஒரு வீடு மட்டும் பிள்ளையை அனுப்பாமல் விட்டால், பக்கத்து வீட்டு அப்பா அதே பிள்ளையை அனுப்புவார். ஒரு அம்மா மட்டும் மூடியைத் தட்டிவிட்டால், “பெரிய இவ” என்ற பேர் வரும். லயம் முழுதும் ஒத்துக்கொண்டால் யாருக்கும் பேர் வராது. ஐஸ்லாந்துக்காரர் காகிதத்தில் செய்ததை நாம் கோயில் வாசலில் செய்யலாம். தோட்டத் தலைவர், மாதர் சங்கம், கோயில் கமிட்டி, பிள்ளைக்காம்பரா டீச்சர், பாடசாலை வாத்தியார் என்று கூட்ட ஆள் இருக்கிறார்கள். குடிக்கும் ஆண்களை வரவிடாமல் நடத்தும் கூட்டம் பிரயோசனமற்றது. அவர்கள் கட்டாயம் வர வேண்டும். குடியை விடுங்கள் என்று அவர்களிடம் கேட்கும் கூட்டமாகவும் அது இருக்கக்கூடாது. அப்படிக் கேட்டால் பாதிப்பேர் எழுந்துபோவார்கள், மீதிப்பேர் பொய்ச் சத்தியம் செய்வார்கள். பிள்ளையை மட்டும் பேச வேண்டும். யாருடைய பிள்ளையையும் யாரும் போத்தலுக்கு அனுப்புவதில்லை. குழிக்கரைக்குத் தேத்தண்ணிதான். சாமிக்கு வைத்ததில் பையன்களுக்குப் பங்கு தேங்காயும் பழமும். கொழும்பிலிருந்து வரும் அண்ணன்மாரிடம் அவரவர் அம்மாவே முதல்நாள் போனில் சொல்லிவிட வேண்டும், “தம்பிக்கு ஒண்ணும் காட்டாத” என்று. இந்த நாலு விஷயத்தில் எந்த ஆணுடைய கிளாஸையும் யாரும் பறிக்கவில்லை. அதனால் ஒத்துக்கொள்ள அவர்களுக்குத் தடையில்லை. தங்கள் பிள்ளை தங்களைப்போல் ஆகக்கூடாது என்ற ஆசை அவர்களுக்குத்தான் எல்லாரையும்விட அதிகம்.

நாளும் பார்த்து வைக்க வேண்டும். தீபாவளி முற்பணம் கைக்கு வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பொருத்தமானது. பணம் வந்தபிறகு கூப்பிட்டால், அந்தக் கூட்டத்துக்கு வரவேண்டியவர்கள் டவுனுக்குப் போயிருப்பார்கள்.